சிப் இருக்கிறது, போன் நம்பர்தான் பழசு: செல்லப்பிராணியின் மைக்ரோசிப் பதிவைப் புதுப்பிப்பதும் பெயர் மாற்றுவதும்

வழிதவறி வந்த நாய், பூனைகளின் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனர் பிடித்துப் பார்க்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். ஒருநாள் அட்டைப்பெட்டியில் ஒரு சாம்பல் பூனையைக் கொண்டுவந்தார்கள். கையை நீட்டினாலே சீறல். தோள்பட்டைக்கு மேலே ஸ்கேனரைக் கொண்டுபோனதும் 'பீப்' என்றது. திரையில் சிப்பின் 15 இலக்க எண். வீட்டுப் பூனைதான் என்று எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். பதிவு வைத்திருக்கும் இடத்துக்குப் போன் போட்டோம். அவர்கள் உரிமையாளரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை."

சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்குப் பின்னால் இருந்த போன் நம்பர்தான் செத்துப்போயிருந்தது. அந்த ஒரு நம்பரை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் பெயரும் முகவரியும் சிப்புக்குள்ளேயே இருக்கும் அல்லவா?

இருக்காது. பெரும்பாலான குழப்பம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சிப் என்பது ஒரு அரிசி அளவுக் கண்ணாடிக் குழாய். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள எண்ணைத் திருப்பிச் சொல்லும். அதற்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான்.

உங்கள் பெயர், போன், முகவரி, விலங்கின் விவரம் எல்லாம் வெளியே ஒரு பதிவகத்தின் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். ஆகவே வீடு மாறினாலும் ஆள் மாறினாலும் ஊசி எதுவும் தேவையில்லை. மாற்ற வேண்டியது பதிவை மட்டும்தான்.

ஜிபிஎஸ் போல எங்கே இருக்கிறது என்று காட்டுமா?

காட்டாது. சில சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்கேனரைப் பிடித்தால்தான் அது பேசும்.

போன் நம்பர் மட்டும்தான் மாறியிருக்கிறது. இதற்கெல்லாமா மெனக்கெட வேண்டும்?

இதற்குத்தான் முதலில் மெனக்கெட வேண்டும். முகவரி பழசாக இருந்தாலும் போன் அடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். முகவரி சரியாக இருந்து போன் பழசாக இருந்தால், பூனை கூண்டில் உட்கார்ந்து காத்திருக்கும்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா லார்டும் குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 53 காப்பகங்களுக்கு வந்த, சிப் உள்ள 7,700-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பற்றியது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கான காரணங்களில் முதலிடம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட போன் நம்பருக்கு: 35.4 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. காப்பகத்துக்கு வந்த பூனைகளை மொத்தமாகப் பார்த்தால் 1.8 சதவீதம்தான் வீடு திரும்பின. சிப் இருந்த பூனைகளில் 38.5 சதவீதம் திரும்பின. சிப் போட்டால் பலன் உண்டு, சந்தேகமே இல்லை. போட்ட பிறகும் அந்த மீதியெல்லாம் ஏன் திரும்பவில்லை என்பதற்கான விடையில் ஒரு பெரிய பங்கு அந்த 35.4-இல் இருக்கிறது.

புது நம்பரைப் போடும்போது இரண்டாவது நம்பர் ஒன்றும் கொடுங்கள். உங்களோடு ஒரே வீட்டில் இல்லாத ஒருவருடையது என்றால் நல்லது. குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கும்போது வீட்டில் விட்டுவந்த நாய் தப்பித்து ஓடினால், உங்கள் நால்வர் போனும் ஒரே நேரத்தில் சிக்னல் இல்லாமல் இருக்கலாம்.

சிப் நம்பர் என்னிடம் இல்லையே. எங்கே தேடுவது?

சிப் போட்டபோது பார்கோடு ஒட்டிய சின்ன ஸ்டிக்கர்கள் கொடுத்திருப்பார்கள். தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கம், தத்தெடுத்த படிவம், பயணச் சான்றிதழ் ஆகியவற்றில் பாருங்கள். கிடைக்கவில்லையா, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

ஸ்கேன் செய்யும்போது திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதும் முறையை நான் நம்புவதில்லை. 985 என்று வாசித்தது 958 ஆகப் பதிவாகி இருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வங்கிக் கார்டு எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். கடைசி இலக்கம் அதற்கென்றே வைக்கப்பட்ட சோதனை இலக்கம். சிப்பின் 15 இலக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. தவறாக அடித்த எண்ணையும் பதிவகம் பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

என் போனிலேயே ஸ்கேன் செய்ய முடியாதா? என்எஃப்சி இருக்கிறதே.

முடியாது. போனில் உள்ள என்எஃப்சி (போனை அருகில் காட்டிப் பணம் கட்ட உதவும் வசதி) 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசுவது. இன்றைய சிப்கள் பேசுவது 134.2 கிலோஹெர்ட்ஸில். இரண்டும் வேறு வேறு பாஷை.

எந்தப் பதிவகத்தில் என் பதிவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 11784 என்ற சர்வதேசத் தரத்தின்படி அது நாட்டின் குறியீடாக இருக்கலாம்: 250 என்றால் பிரான்ஸ், 276 ஜெர்மனி, 356 இந்தியா, 826 பிரிட்டன். 900-க்கு மேல் தொடங்கினால் அது சிப் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. 999 மட்டும் சோதனைக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் விலங்கின் உடம்பில் அது இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

இந்த மூன்று இலக்கம் சொல்வது சிப் எங்கிருந்து வந்தது என்பதை. பதிவு எங்கே இருக்கிறது என்பதை அல்ல. ஒரு நிறுவனத்தின் சிப்பை வேறொரு பதிவகத்தில் பதிந்திருக்கலாம், பல நாடுகளில் அது சகஜம். பிரான்சில் ஐ-காட் என்ற ஒரே தேசியப் பதிவகம் இருப்பதால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. அமெரிக்காவில் தனியார் பதிவகங்கள் பல. அதனால் அங்குள்ள விலங்கு மருத்துவமனைச் சங்கம் ஒரு பொதுத் தேடல் வசதி வைத்திருக்கிறது: எண்ணை அடித்தால் அது எந்தப் பதிவகத்தில் இருக்கிறது என்று காட்டும், உரிமையாளர் பெயரைக் காட்டாது. ஐரோப்பாவுக்கு யூரோபெட்நெட் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது இருந்தால் அதில் தொடங்குங்கள். இல்லையென்றால் சிப் போட்ட டாக்டரைக் கேளுங்கள், அவர்தான் படிவத்தை எங்கே அனுப்பினார் என்று அறிவார்.

அனுப்பினாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சிப் போட்டு, படிவம் மேசை டிராயரிலேயே தூங்கிய கதைகள் உண்டு.

டாக்டரிடம் புது நம்பர் கொடுத்துவிட்டேன். போதாதா?

போதாது. அது கிளினிக்கின் சொந்தக் கணக்கு. தடுப்பூசி நாளை நினைவூட்ட அவர்களுக்கு உதவும். முன்பின் தெரியாத ஒருவர் வேறெங்கோ உங்கள் நாயைப் பிடித்து ஸ்கேன் செய்தால், அவர் கேட்பது பதிவகத்திடம்தான்.

பழைய இமெயிலில் கணக்கு இருக்கிறது. பாஸ்வேர்டும் மறந்துபோச்சு. என்ன செய்ய?

புதிதாக ஒரு கணக்குத் திறந்து அதே எண்ணை மறுபடி பதிந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பதிவகம் அதை ஏற்காது, அல்லது ஏற்றுக்கொண்டு ஒரே எண்ணுக்கு இரண்டு பதிவுகள் உண்டாகும். பதிவகத்துக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் எழுதுங்கள். சிப் எண், விலங்கின் பெயர், பழைய முகவரி, உங்கள் அடையாள அட்டை, டாக்டரின் பழைய ரசீது ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். நீங்கள்தான் அந்தப் பழைய ஆள் என்று காட்டினால் இமெயிலை மாற்றித் தருவார்கள். கொஞ்சம் நாள் இழுக்கும், அவ்வளவுதான்.

நண்பரிடமிருந்து நாயை வாங்கி வளர்க்கிறேன். பெயர் மாற்றம் யார் செய்ய வேண்டும், அவரா நானா?

பல பதிவகங்களில் தொடங்கி வைக்க வேண்டியவர் பழைய உரிமையாளர். வண்டி விற்பது போலத்தான். வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டால் அபராத நோட்டீஸ் பழைய ஆளின் வீட்டுக்குப் போகும். இங்கே நாய் பழைய ஆளின் வீட்டுக்குப் போகும்.

நடைமுறை இடத்துக்கு இடம் சற்று மாறும். சில இடங்களில் பழைய உரிமையாளர் தன் கணக்கில் நுழைந்து புதியவரின் இமெயிலைக் கொடுப்பார், உங்களுக்கு ஓர் இணைப்போ குறியீட்டு எண்ணோ வரும், நீங்கள் உள்ளே போய் விவரங்களை நிரப்பி ஒப்புக்கொள்ள வேண்டும். சில இடங்களில் இருவரும் கையெழுத்திட்ட படிவம். இன்னும் சில இடங்களில் நீங்கள் விண்ணப்பித்தால் பதிவகமே பழையவருக்கு எழுதி, ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, குறிப்பிட்ட நாள்வரை காத்திருக்கும்.

என் யோசனை: விலங்கைக் கைமாற்றும் அன்றே, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே, இரண்டு போனையும் கையில் வைத்துக்கொண்டு இதை முடித்துவிடுங்கள். "அப்புறம் பண்ணிக்கலாம்" என்று கிளம்பினால் அந்த அப்புறம் வரவே வராது. அவர் முன்னாலேயே ஒரு தாளில் நாள், சிப் எண், யார் யாருக்குக் கொடுத்தார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் அந்தத் தாள் பேசும்.

உறுதி இமெயில் வந்ததா என்றும் பாருங்கள். பழையவர் அனுப்பியதோடு முடிந்தது என்று நினைத்து, புதியவர் இணைப்பைத் திறக்காமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பாதியில் நிற்கும் மாற்றம், மாற்றமே இல்லை.

பழைய உரிமையாளரைப் பிடிக்கவே முடியவில்லை. நம்பரும் இல்லை.

உங்களிடம் இருக்கும் சான்றுகளைத் திரட்டுங்கள்: தத்துப் படிவம், வாங்கிய ரசீது, உங்கள் பெயரில் உள்ள தடுப்பூசிப் பதிவுகள், டாக்டரின் கடிதம். இவற்றோடு பதிவகத்துக்கு எழுதினால் அவர்கள் பழையவரைத் தொடர்புகொள்ள முயல்வார்கள். பதில் வராவிட்டால் தங்கள் விதிப்படி மாற்றித் தருவார்கள். உங்கள் வாய்வார்த்தையை மட்டும் வைத்து உடனே மாற்ற மாட்டார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் யோசித்துப் பாருங்கள்: அப்படி மாற்றித் தருவார்கள் என்றால் உங்கள் நாயைத் திருடியவனுக்கும் மாற்றித் தருவார்கள்.

அவர் இருக்கிறார், ஆனால் மாற்றித் தர மறுக்கிறார்.

அப்படியானால் பிரச்சினை பதிவு பற்றியது அல்ல, விலங்கு யாருடையது என்பது பற்றியது. பதிவகம் அதில் தீர்ப்புச் சொல்லாது. பதிவில் பெயர் இருப்பது ஒரு சான்று. அதுவே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. பிரிந்துபோன தம்பதிகளிடையே இது அதிகம் நடக்கிறது. பேசித் தீர்க்க முடியாவிட்டால் சட்ட ஆலோசனைதான் வழி. உணவு, மருத்துவம், உரிமம் ஆகியவற்றுக்கு யார் செலவழித்தார் என்ற ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

காப்பகத்திலிருந்து தத்தெடுத்தேன். அவர்களே மாற்றியிருப்பார்கள்தானே?

"இருப்பார்கள்" என்ற சொல்லை நம்பாதீர்கள். சில காப்பகங்கள் தத்து நாளிலேயே உங்கள் பெயருக்கு மாற்றிவிடும். சில, தங்கள் பெயரை முதல் தொடர்பாகவோ இரண்டாவது தொடர்பாகவோ வைத்திருக்கும். இரண்டாவதாக இருப்பது நல்லதுதான், ஒருவேளை உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் அவர்களாவது வருவார்கள். சில இடங்களில் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து "நீங்களே பதிந்துகொள்ளுங்கள்" என்பார்கள். அது குட்டி வந்த சந்தோஷத்தில் பையோடு போய்விடும்.

குட்டி விற்பவரிடம் வாங்கினாலும் இதே கதை. அவர் பெயரில் மொத்தமாக எட்டுக் குட்டிகள் பதிவாகியிருக்கும். ஓராண்டு கழித்து உங்கள் நாய் தொலைந்தால் போன் அவருக்குப் போகும். எட்டில் எது யாரிடம் போனது என்று அவருக்கு நினைவிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

தெருவில் கிடைத்த நாயை ஸ்கேன் செய்தால் வேறு யாரோ பெயர் வருகிறது. என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா?

முதலில் அந்த 'வேறு யாரோ' தேடிக்கொண்டிருக்கலாம். பதிவகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் கூப்பிடுவார்கள். மெலிந்து அழுக்காக இருப்பதை வைத்து "யாரோ கைவிட்டுவிட்டார்கள்" என்று முடிவுகட்ட வேண்டாம். மூன்று வாரம் தெருவில் அலைந்தால் எந்த நாயும் அப்படித்தான் இருக்கும். உரிமையாளர் தானே விட்டுக்கொடுத்தாலோ, சட்டம் சொல்லும் காத்திருப்புக் காலம் முடிந்தாலோதான் பெயர் மாற்றப் பேச்சு.

சட்டப்படி புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் உண்டா?

நாட்டைப் பொறுத்தது. உதாரணமாக இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரல் முதலும், பூனைகளுக்கு 2024 ஜூன் 10 முதலும் சிப் கட்டாயம். அங்கே சிப் இருந்தால் மட்டும் போதாது, பதிவிலுள்ள விவரமும் நடப்பில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் ஊரில் கட்டாயம் இல்லாவிட்டாலும் புதுப்பியுங்கள்; சட்டம் கேட்கவில்லை என்பதால் மேலே சொன்ன சாம்பல் பூனை வீடு திரும்பிவிடாது.

வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறோம். புது சிப் போட வேண்டுமா?

ஐஎஸ்ஓ தரத்தில் உள்ள 15 இலக்கச் சிப் என்றால் வேண்டாம். பழைய 9 அல்லது 10 இலக்கச் சிப்கள் சில, 125 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை; எல்லா ஸ்கேனருக்கும் அவை தெரியாது. அப்படியானால் இரண்டாவது சிப் போட்டுக்கொள்வார்கள். அப்போது இரண்டு எண்களையும் பதிய வேண்டும். எதை ஸ்கேனர் முதலில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

பதிவு விஷயத்தில் செய்ய வேண்டியது: போகும் நாட்டின் பதிவகத்தில் அதே எண்ணைப் பதியுங்கள், பழைய நாட்டுப் பதிவை நீக்காமல் அதில் புது நாட்டு போன் நம்பரை நாட்டுக் குறியீட்டோடு போடுங்கள். எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறியீடாக இருந்தால், அதைப் பார்த்துத் தேடுபவர் முதலில் பழைய நாட்டைக் கூப்பிடலாம்.

பயணச் சான்றிதழில் உள்ள எண், ஸ்கேனரில் வரும் எண், பதிவில் உள்ள எண் மூன்றையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோவதென்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு முன்போ, அதே நேரத்திலோ சிப் போட்டிருக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு போட்டிருந்தால் அந்த ஊசி கணக்கில் வராது. சான்றிதழில் சிப் தேதியும் ஊசித் தேதியும் இடம் மாறி எழுதப்பட்டால் விமான நிலையத்தில் நிற்க வேண்டிவரும்.

"உங்கள் சிப் காலாவதியாகிறது, பணம் கட்டுங்கள்" என்று இமெயில் வந்தது.

சிப்புக்குக் காலாவதி கிடையாது. எண் விலங்கின் ஆயுள் முழுக்க அதேதான். சில பதிவகங்களில் கூடுதல் சேவைக்கு ஆண்டுச் சந்தா உண்டு. அது முடிந்தால் போகப்போவது அந்தச் சேவை, அடிப்படைப் பதிவு பொதுவாக நிற்கும். எது எது என்று விதிகளைப் படித்துப் பாருங்கள். சுத்தமான மோசடி இமெயில்களும் வருகின்றன. இமெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், உங்கள் பதிவகத்தின் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

பதிவகமே மூடிவிட்டால்?

நடந்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு தனியார் பதிவகம் திடீரென்று செயல்படாமல் போனது. அதில் பதிந்தவர்கள் எல்லாரும் அதே சிப் எண்ணை வேறு இடத்தில் மறுபடி பதிய வேண்டியதாயிற்று. சிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவற்றுக்குப் பின்னால் இருந்த பெயர்கள்தான் காணாமல் போயின. அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை, தடுப்பூசி போடும் வாரத்தில், உங்கள் எண்ணை நீங்களே தேடிப் பாருங்கள் என்கிறேன். டாக்டரிடம் போனவுடன் ஸ்கேனும் செய்துகொள்ளலாம்: சிப் சில சமயம் தோளிலிருந்து முன்னங்கால் பக்கம் நகர்ந்திருக்கும், அது எங்கே இருக்கிறது என்று அவரும் குறித்துக்கொள்வார்.

நாய் தொலைந்துவிட்டது, இப்போதுதான் பதிவு பழசு என்று ஞாபகம் வந்தது. தாமதமாகிவிட்டதா?

இல்லை. இந்த நிமிடமே மாற்றுங்கள். நோட்டீஸ் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. பதிவில் 'தொலைந்தது' என்ற நிலையைப் போடும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். யாராவது ஸ்கேன் செய்து கேட்டால் உடனே தெரியவரும். கிடைத்ததும் அந்த நிலையை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அப்படி எடுக்காமல் விட்ட ஒருவரை, சொந்த நாயோடு கிளினிக்குக்குப் போன இடத்தில் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள்.

பெயர், போன் தவிர வேறு எதை எழுதலாம்?

தினமும் மருந்து சாப்பிடும் விலங்கு என்றால் அதை எழுதுங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்ததா, வெள்ளைப் புள்ளி எங்கே என்பதெல்லாம் அடையாளம் காண உதவும். ஒரு நல்ல படம் ஏற்றுங்கள். குட்டியாக இருந்தபோது எடுத்தது வேண்டாம்.

எங்கள் பூனை இறந்துவிட்டது. பதிவை என்ன செய்வது?

பதிவகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும், பதிவை முடித்துவைப்பார்கள். அந்த எண் வேறு எந்த விலங்குக்கும் போகாது. எழுதாமல் விட்டால் சட்டச் சிக்கல் என்று பெரிதாக எதுவும் பொதுவாக வராது. ஆனால் சில பதிவகங்கள் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும். எனக்கு இரண்டு வருடம் வந்தது.